பாதியில் விட்ட மலையைத் தனியாகப் போய் முடிக்க: பிரான்மலைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாட்டில் மலை என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. குன்றக்குடி ஒரு குன்று. திருமயம் கோட்டைக்குக் கீழே இருப்பது ஒரு பெரும்பாறை. காலையில் ஏறினால் மதியம்வரை ஆளைப் பிடித்து வைத்துக்கொள்கிற மலை, மேற்கு ஓரத்தில் சிங்கம்புணரியைத் தாண்டி இருக்கும் பிரான்மலைதான். பாரியின் பறம்புமலை என்று சொல்லப்படுவது இதுதான். கீழே சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. கோயிலைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஏறி, வெயிலுக்கோ பிள்ளைகளுக்கோ பயந்து திரும்பியவர்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அந்த மிச்சத்தை ஒரு நாள் தனியாகப் போய் முடிக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிறுமலை, அழகர்மலைப் பக்கம் போகிறவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

மிச்சப் பாதைன்னா என்ன? உச்சிக்குப் போறதுதானே?

இல்லை. போன தடவை திரும்பிய இடம் ஒன்று, பாதை முடியும் இடம் ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் மிச்சப் பாதை. அது அரை கிலோமீட்டராகவும் இருக்கலாம், இரண்டு கிலோமீட்டராகவும் இருக்கலாம்.

எல்லோரும் தவறுவது இங்கேதான். "பாதி ஏறியாச்சு, பாதிதான் பாக்கி" என்று கணக்குப் போடுகிறார்கள். ஏறிய பாதியையும் அன்றைக்கு மறுபடி ஏறித்தான் ஆக வேண்டும். மிச்சப் பாதை தொடங்கும்போது கால் ஏற்கெனவே களைத்திருக்கும், வெயிலும் ஏறியிருக்கும். தெரியாத பாதையை, பெரும்பாலும் செங்குத்தான பாதையை, உடம்பு சோர்ந்த நேரத்தில் தொடுகிறீர்கள். ஆகவே நேரம், தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும் அடிவாரத்திலிருந்து முழு மலைக்கும் கணக்கிடுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும்னு எப்படிக் கணக்குப் பண்றது?

மலையேறுபவர்கள் நூறாண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தும் நெய்ஸ்மித் கணக்கு ஒன்று உண்டு. சமதளத் தூரத்துக்கு 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஏறும் உயரத்துக்கு 600 மீட்டருக்கு ஒரு மணி நேரம். இது குளிர்ந்த ஸ்காட்லாந்தில் 1892இல் உருவானது. நம் வெயிலுக்கு இதோடு பாதியைக் கூட்ட வேண்டும்.

ஒருவழி 3 கிலோமீட்டர், ஏற்றம் 450 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 36 நிமிடம், ஏற்றத்துக்கு 45 நிமிடம், சேர்த்து 81. பாதியைக் கூட்டினால் இரண்டு மணி நேரம். மணிக்குப் பத்து நிமிட ஓய்வோடு 2 மணி 20 நிமிடம். இறக்கத்துக்குக் குறைத்துக் கணக்கிடாதீர்கள். பாறை மலையில் இறங்கும் நேரம் ஏறும் நேரத்தை நெருங்கும். இரண்டு மணி நேரம் வையுங்கள். மேலே அரை மணி, எதற்கும் கையிருப்பாக ஒரு மணி. மொத்தம் ஆறு மணி நேரத்தை ஒட்டி வரும்.

எந்த மாசம் போகலாம்?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் கடுக்கத் தொடங்கியிருக்காது. அக்டோபர், நவம்பரில் பாறை ஈரமாக இருக்கும்; பாதையைப் புல் மூடியிருக்கும்.

மார்ச் முதல் ஜூன்வரை வேண்டாம். "மலைமேல் குளிர்ச்சியாத்தானே இருக்கும்" என்பார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால்தான் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். நம் மலையில் அடிவாரத்துக்கும் உச்சிக்கும் மூன்று டிகிரி வித்தியாசம் வந்தாலே அதிகம். அதையும் சுடுபாறை திருப்பி வாங்கிக்கொள்ளும்.

காரைக்குடியிலிருந்து போறேன். எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாக வண்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பேருந்தில் மாறிப் போவதென்றால் இன்னும் அதிகம். அடிவாரத்தில் காலை 6 மணிக்கு நடக்கத் தொடங்க வேண்டும். ஜனவரியில் ஆறரை மணிக்கு மேல்தான் சூரியன் வரும், ஆனால் ஆறு மணிக்கே கண் தெரியும். முதல் அரை மணி நேரம் நீங்கள் ஏற்கெனவே அறிந்த பாதைதான், மங்கிய வெளிச்சம் போதும்.

பேருந்து நேரம் ஒத்துவராவிட்டால் முந்தின நாள் சாயங்காலமே சிங்கம்புணரிக்கோ திருப்பத்தூருக்கோ போய்த் தங்கிவிடுங்கள். ஒன்பது மணிக்கு அடிவாரத்தில் இறங்கி "சீக்கிரமா ஏறிரலாம்" என்று தொடங்குவதுதான் முதல் தடவையும் பாதியில் விட்டதற்குக் காரணமாக இருந்திருக்கும்.

யாருகிட்டயாவது பெர்மிஷன் வாங்கணுமா?

கோயிலுக்கும் தர்காவுக்கும் மக்கள் வழக்கமாக நடக்கும் பாதை வேறு, காட்டுக்குள் போகும் பாதை வேறு. பாதையை விட்டு விலகினால் காப்புக்காட்டுக்குள் கால் வைக்க நேரலாம். அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் நுழைவது குற்றம். வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கோடையில் தீ அபாயத்துக்காகப் பாதையை மூடியிருந்தாலும் அங்கேதான் தெரியும்.

சிறுமலை போன்ற வனப்பகுதியில் உங்கள் மிச்சப் பாதை இருந்தால் விதி கடுமை. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபின், மலையேற்றத்துக்கென்றே தமிழக அரசு அதே ஆண்டு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரிலிருந்து வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் அந்தப் பாதைகளில் போக முடியும். அங்கே தனியாகப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வழிகாட்டியோடு போய் முடித்தாலும் முடித்ததுதான்.

எங்க அப்பத்தா தனியா மலைக்குப் போகக் கூடாதுங்குது. என்ன சொல்லிச் சமாளிக்கிறது?

சமாளிக்க வேண்டாம். அப்பத்தா பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது. தனியாகப் போகிறவருக்கு வரும் ஆபத்துகளில் பெரியது பாம்போ பள்ளமோ அல்ல. விழுந்து கிடப்பது யாருக்கும் தெரியாமல் போவதுதான்.

ஒரு காகிதத்தில் ஆறு விஷயம் எழுதி வீட்டில் ஒருவர் கையில் கொடுங்கள்: எந்த மலை, எந்தப் பக்கமாக ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்கு ஏறத் தொடங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவீர்கள், எத்தனை மணிக்குள் கீழேயிருந்து போன் வரும், அது வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். கடைசி வரிக்கு 112 என்று எழுதுங்கள், அந்த ஊர்க் காவல் நிலைய எண்ணையும் சேருங்கள். சட்டை நிறத்தையும் எழுதினால் தேடுபவர்களுக்கு உதவும். கருப்பும் பச்சையும் காட்டில் மறைந்துவிடும். காவியோ மஞ்சளோ தூரத்திலிருந்தே தெரியும்.

அடிவாரக் கடையில் ஒரு டீ குடித்து, "மேல போயிட்டுப் பன்னெண்டு மணிக்குள்ள வந்துருவேண்ணே" என்று சொல்லிவிட்டு ஏறுங்கள். உங்களைத் தேட முதலில் கிளம்புகிறவர் அந்த அண்ணனாகத்தான் இருப்பார். இறங்கியதும் அவரிடம் தலையைக் காட்டிவிட்டுப் போக மறக்காதீர்கள்.

தண்ணி எத்தனை லிட்டர்? மேல சுனை இருக்குமே?

நான்கு லிட்டர். நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 600 மில்லி என்றால் ஐந்தரை மணிக்கு 3.3 லிட்டர். மீதி கையிருப்பு. நான்கு கிலோ சுமை கனமாகத்தான் இருக்கும், ஆனால் அது ஒன்றுதான் நடக்க நடக்கக் குறையும் சுமை. ஒரே பெரிய கேனாக வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டில் நான்காக எடுங்கள். ஒன்று உடைந்தாலும் மூன்று இருக்கும், எவ்வளவு தீர்ந்தது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

உச்சியில் நிற்கும்போது இரண்டு பாட்டில் தொடாமல் இருக்க வேண்டும். ஏற்றம் காலைக் குளிரில், இறக்கம் பதினொரு மணி வெயிலில். அதனால் இறக்கத்துக்கும் ஏற்றத்துக்குத் தேவையான அளவே வேண்டும். வழியில் இரண்டாவது பாட்டில் தீர்ந்துவிட்டால் அந்த இடமே அன்றைய எல்லை.

சுனையை நம்பாதீர்கள். மழைக்காலத்தில் நிறைந்திருப்பது மாசியில் பாசியும் தவளையுமாக இருக்கும். தலையில் ஊற்றிக்கொள்ளலாம், துண்டை நனைத்துக் கழுத்தில் போடலாம். குடிக்க வேண்டாம்.

வெறும் தண்ணியே போதுமா?

போதாது. வியர்வையில் உப்பும் போகிறது. நான்கில் ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கலந்துகொள்ளுங்கள், ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை முழு லிட்டரில்தான் கலக்க வேண்டும், அரை லிட்டரில் கலந்து கெட்டியாக்கக் கூடாது. பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நீர்மோர் நல்லதுதான், ஆனால் பத்து மணிக்கு மேல் புளித்துவிடும். அதை முதலில் குடித்துத் தீர்த்துவிடுங்கள்.

சாப்பிட என்ன கொண்டுபோறது?

நம் வீட்டுப் பலகாரத் தூக்கிலேயே பதில் இருக்கிறது. தேன்குழல், சீப்புச்சீடை இரண்டும் உப்பும் எண்ணெயும் உள்ளவை, வெயிலில் கெடாது. இனிப்புக்குக் கடலைமிட்டாய், அதிரசம். மாவுருண்டை சத்தானதுதான், ஆனால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீரைக் கேட்கும். அதை நிழலில் உட்கார்ந்து சாப்பிடும்போது மட்டும் எடுங்கள். சோறு வேண்டுமென்றால் புளியோதரை. தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம் வேண்டாம்.

ஒரேயடியாகச் சாப்பிடாமல் மணிக்கு ஒரு கைப்பிடி போதும். வயிறு நிறையச் சாப்பிட்டு ஏறினால் மூச்சு வாங்கும். கிளம்பும் முன் பழைய சோறும் மோரும் ஒரு கும்பா அருமையான காலை உணவு.

பையில் வேறென்ன இருக்கணும்? செருப்புப் போட்டுட்டு ஏறலாமா?

ரப்பர் செருப்பு வேண்டாம். ஏறும்போது தாங்கும்; இறங்கும்போது கால் முன்னால் சறுக்கி வார் அறுந்துவிடும். அடியில் வரிப்பள்ளம் தேயாத ஷூ போதும், விலை கூடியதாக இருக்க வேண்டியதில்லை. புது ஷூவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போடுவது தவறு. இரண்டு வாரம் முன்னாடியே ஊருக்குள் போட்டு நடந்து பழக்குங்கள். கால் விரல் நகத்தை முந்தின நாள் வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் நகம் ஷூவின் முன்பக்கத்தில் முட்டி முட்டித்தான் கருத்துப்போகும். கோயிலிலும் தர்காவிலும் ஷூவைக் கழற்ற வேண்டியிருக்கும். சுடுபாறையில் வெறுங்காலோடு நிற்க நேர்ந்தால் கைகொடுக்க ஒரு ஜோடிக் காலுறையைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

பையில்: தலையில் மாட்டும் விளக்கு, விசில், ஒரு பருத்தித் துண்டு, நான்கு அங்குல கிரேப் பேண்டேஜ் இரண்டு, கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர், சிறிய கத்தி, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், கொஞ்சம் பணம். பகல் நடைக்கு விளக்கு எதற்கு என்று கேட்பார்கள். கால் பிசகி இரண்டு மணி நேரம் தாமதமானால் அது பகல் நடையாக இராது. போன் வெளிச்சம் ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும். பாறையில் இறங்க இரண்டு கையும் வேண்டும்.

போன தடவை எந்த இடத்துல திரும்பினேன்னே சரியா நினைவில்லை. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பழைய போட்டோவைத் தேடுங்கள். திரும்பும் முன் கட்டாயம் ஒன்று எடுத்திருப்பீர்கள். அன்றைக்கு இருப்பிடப் பதிவு போட்டிருந்தால், படத்தின் விவரத்திலேயே இடம் இருக்கும். இல்லாவிட்டாலும் எடுத்த நேரம் இருக்கும். அடிவாரத்தில் எடுத்த படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையில் எத்தனை நிமிடம் என்று பார்த்தால், எவ்வளவு ஏறினீர்கள் என்பது ஓரளவு பிடிபடும்.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் படத்தில் கீழே தெரியும் இரண்டு அடையாளங்களைப் பிடியுங்கள். கோபுரம் ஒன்று, அதன் பின்னால் ஒரு ஊருணிக்கரை என்று வைத்துக்கொள்வோம். படத்தில் கோபுர உச்சி ஊருணியின் எந்த மூலையை மறைக்கிறதோ, அதே மூலையை மறைக்கும்வரை பாதையில் ஏறுங்கள். நான்கு எட்டு முன்பின்னாக அந்த இடத்திலேயே போய் நிற்பீர்கள். அங்கே ஒரு படம், இந்தத் தடவை இருப்பிடப் பதிவோடு.

கூகுள் மேப் பாதையே காட்டலையே?

அது சாலைக்கானது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அடிப்படையிலான ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் போன்ற செயலிகளில் ஒற்றையடிப் பாதைகள் சில பதிவாகியிருக்கும். வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேலே சிக்னல் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். போனை ஃபிளைட் மோடில் போட்டால் பேட்டரி நாள் முழுக்க நிற்கும். உயரக்கோடு பார்க்கத் தெரிந்தவர்கள் இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை எடுக்கலாம். கோடுகள் நெருங்கி ஓடும் இடமெல்லாம் செங்குத்து.

நடக்கும்போது தடப்பதிவைப் போட்டுவிடுங்கள். வழி தவறினால் அதே தடத்தில் திரும்பி வரலாம்.

பாதை ரெண்டாப் பிரியுது. எது சரின்னு எப்படித் தெரியும்?

பெரும்பாலும் ஒன்று மனிதர் பாதை, மற்றது ஆட்டுத் தடம். கீழே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தேய்ந்திருக்கும். தலையை நிமிர்த்திப் பாருங்கள். மனிதர் பாதையில் முகத்துக்கு நேரே வரும் கிளை வெட்டியோ ஒடித்தோ இருக்கும். ஆட்டுத் தடத்தில் முழங்கால்வரை வழி திறந்திருக்கும், இடுப்புக்கு மேல் காரையும் சூரையும் பின்னிக் கிடக்கும். காரைக்குடிக்குப் பெயர் தந்ததாகச் சொல்லும் அதே காரை முள்தான். சட்டையைப் பிடித்தால் விடாது.

பாறையில் தடம் தெரியாது. அங்கே நிறத்தைப் பாருங்கள். ஆள் நடந்த பாறையில் பூஞ்சைப் படலம் தேய்ந்து வெளிறிய பட்டை ஒன்று ஓடும். ஐந்து நிமிடம் நடந்தும் வெளிறிய பட்டை, வெட்டிய கிளை, மிட்டாய்க் காகிதம் எதுவும் கண்ணில் படவில்லை என்றால், கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். குறுக்கே புகுந்து பாதையைப் பிடிக்கலாம் என்று புதருக்குள் இறங்க வேண்டாம். செந்தட்டி பட்டால் அரை மணி நேரம் எரியும்.

பழனிக்கு நடந்தே போயிருக்கேன். இதெல்லாம் ஒரு மலையா?

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிவரை நடப்பது பெரிய காரியம். அந்தக் காலுக்குத் தாங்கும் சக்தி இருக்கிறது, கொப்புளம் பழகியிருக்கிறது, மனசும் பக்குவமாகியிருக்கிறது. ஆனால் அது சாலை நடை. மலை இறங்கும்போது வேலை செய்வது தொடையின் முன்பக்கத் தசை. ஒவ்வொரு எட்டிலும் உடம்பு எடையைப் பிடித்து நிறுத்தி மெல்ல இறக்க வேண்டும். சமதளத்தில் எத்தனை நாள் நடந்தாலும் அந்தத் தசைக்கு இந்த வேலை வராது. பாதயாத்திரை போனவர்களுக்கும் இறக்கத்தில் கால் வெடவெடப்பது இதனால்தான்.

இதற்குப் பயிற்சி படிதான். சாதாரணப் படி 17 சென்டிமீட்டர் உயரம் என்றால், 450 மீட்டருக்கு ஏறக்குறைய 2,650 படி. நம் ஊர் வீடுகள் நீளத்துக்குத்தான் பெரியவை, மாடிப்படி சொற்பம். அதனால் குன்றக்குடிப் படியில் வாரம் மூன்று நாள், ஒரு மாதம் ஏறி இறங்குங்கள். முதல் வாரம் மூன்று சுற்று, பிறகு வாரத்துக்கு இரண்டு சுற்று கூட்டலாம். இறங்கும்போது கைப்பிடியைத் தொடாமல், ஓசை வராமல் காலை வைக்கப் பழகுங்கள். தடதடவென்று இறங்கினால் முட்டிக்குத்தான் கேடு.

வழுக்குப் பாறையில எப்படி ஏறுறது, இறங்குறது?

காய்ந்த கருங்கல் நன்றாகப் பிடிக்கும். ஏமாற்றுவது இரண்டு. ஒன்று, மழைநீர் வடிந்த கருப்புக் கோடுகள். காய்ந்த பாசி அது, பனி பட்டாலும் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். இரண்டாவது, சரிந்த பாறைமேல் கிடக்கும் பருக்கை மணல். பார்க்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும். மிதித்தால் குண்டுமணிமேல் கால் வைத்தது மாதிரி உருளும். காலை வைக்கும் முன் ஷூ நுனியால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு வையுங்கள்.

இறங்கும்போது பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்க்கிறோம். அப்படிச் சாய்ந்தால் எடை குதிகாலுக்குப் போய்ப் பிடிப்பு குறையும். முழங்காலை மடக்கி, உடம்பைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவந்து, முழுப் பாதமும் பாறையில் படும்படி குறுக்கும் நெடுக்குமாக இறங்குங்கள். தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு: கை ஊன்றி ஏறும் இடம் வந்தால், இரண்டடி ஏறியதும் அங்கேயே திரும்பி இறங்கிப் பாருங்கள். இறங்க முடியாத இடத்தில் ஏறக் கூடாது. மேலே இழுக்கவோ கீழே தாங்கவோ ஆள் இல்லை.

குரங்கு, தேனீ, பாம்பு?

குரங்குக்குப் பாலித்தீன் பையின் சத்தம் போதும். கையில் எதையும் தொங்கவிடாமல் முதுகுப்பைக்குள் துணியில் சுற்றி வையுங்கள். திரும்பும்போது குடிக்கலாம் என்று வழியில் பாட்டிலை ஒளித்துவைப்பதும் வேண்டாம். அது குரங்குக்குத்தான் போகும்.

பறம்பின் தேன் சங்கப் பாட்டிலேயே உண்டு. மலைத்தேனீ பாறை விளிம்புக்கு அடியில் அடை கட்டும். அங்கே புகை, சென்ட், கூச்சல் மூன்றும் கூடாது. கலைந்துவிட்டால் துண்டால் முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு, வந்த வழியே நிற்காமல் விலகுங்கள். கையை வீசி அடிக்காதீர்கள். கொடுக்கைச் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும், நகத்தால் சுரண்டியாவது. முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால் உடனே 108.

பாம்பு பெரும்பாலும் மிதித்தாலோ தொட்டாலோதான் கடிக்கும். கல்லிடுக்கில் பார்க்காமல் கை வைக்காதீர்கள். வறண்ட பாறை நிலம் சுருட்டை விரியனுக்குப் பிடித்த இடம். கடித்துவிட்டால் கட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு 108ஐ அழைத்து அசையாமல் இருங்கள். சிக்னல் இல்லையென்றால் மட்டும் சிக்னல் கிடைக்கும் இடம்வரை, ஓடாமல் மெல்ல நடங்கள். மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறது.

பொம்பளைப் பிள்ளை தனியாப் போகலாமா?

மலையைப் பொறுத்தவரை வித்தியாசம் எதுவும் இல்லை. கணக்கும் தண்ணீரும் பையும் ஒன்றுதான். ஆட்களைப் பொறுத்தவரை, கோயிலுக்கும் தர்காவுக்கும் குடும்பமாக மக்கள் வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். முன்னாலோ பின்னாலோ ஒரு குடும்பம் கூப்பிடு தூரத்தில் இருந்தால் நல்லது. வழியில் யாராவது "தனியாவா வந்த?" என்று கேட்டால் "பின்னாடி வர்றாங்க" என்பதே பதில். போகும் நேரத்தையும் இடத்தையும் அன்றைக்கே இணையத்தில் போட வேண்டாம். இறங்கிய பிறகு போடலாம்.

இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்குன்னு தெரியுது, ஆனா நான் வச்ச நேரம் முடிஞ்சிருச்சு. போகலாமா?

திரும்புங்கள். மேலே சொன்ன கணக்கில் ஆறு மணிக்குத் தொடங்கியவர் 8.20க்கு உச்சியில் இருக்க வேண்டும். தாமதத்துக்கு 40 நிமிடம் கொடுத்தால் 9 மணி. ஒன்பதுக்கு எங்கே நின்றாலும் அதுதான் திரும்பும் இடம். மலையில் நின்றுகொண்டு அந்த நேரத்தை மாற்றக் கூடாது. ஆசையும் களைப்பும் சேர்ந்து போடும் கணக்கு எப்போதும் தப்பாகத்தான் வரும்.

கண்ணுக்குத் தெரியும் உச்சி பெரும்பாலும் உச்சியே அல்ல. கீழிருந்து பார்க்கும்போது ஒரு மேடு பின்னாலிருக்கும் மேட்டை மறைத்துக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் என்பது இருபதாகும், இறங்க இன்னொரு இருபது. அந்த நாற்பது நிமிடமும் போவது இறக்கத்தின் குளிர்ந்த நேரத்திலிருந்து. திரும்பும் முன் அந்த இடத்தைப் படமெடுத்துப் பதிந்துகொள்ளுங்கள். மிச்சப் பாதை குறைந்திருக்கிறது.

வேற பக்கமா ஏறி வந்து, விட்ட இடத்தைத் தொட்டா முடிச்சதா ஆகுமா?

ஆகும், ஆனால் அதே இடத்தைத் தொட வேண்டும். படத்தில் பார்த்து உறுதி செய்த இடத்தைத் தாண்டி ஒரு நூறு மீட்டராவது பழைய பாதையில் நடந்து, "இது நான் வந்த வழிதான்" என்று கண்ணால் தெரிந்துகொள்ளுங்கள். அப்படிச் செய்யாதவர்களுக்குத்தான் நடுவில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்குமோ என்ற உறுத்தல் பிறகும் இருக்கும்.

தனியாகப் போகிறவர்களுக்கு இந்த வழியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மறுபக்கமாக வந்தால் மிச்சப் பாதையை மேலிருந்து கீழாக, தெரியாத பாதையாக இறங்க வேண்டிவரும். ஏறும்போது தெரியாத பாதை சிரமம்தான் தரும். இறங்கும்போது அது ஆபத்து. மேலிருந்து பார்த்தால் ஓடைப்பள்ளமெல்லாம் பாதைபோலத் தெரியும், நூறு அடி இறங்கியபின் செங்குத்துப் பாறையில் போய் முடியும். துணைக்கு ஆள் இருக்கும் நாளில் அதைச் செய்யுங்கள்.

தலை சுத்துது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு. உட்கார்ந்தா சரியாப் போயிருமா?

நிழலில் உட்காருங்கள், சட்டையைத் தளர்த்துங்கள், துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள், ஓ.ஆர்.எஸ். மடக்கு மடக்காகக் குடியுங்கள். அரை மணியில் தெளிந்தால் இறங்குங்கள். தெளிந்துவிட்டதே என்று மேலே ஏற வேண்டாம். தெளியாவிட்டால், பேச்சு குழறினால், நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. நினைவு இருக்கும்போதே 108ஐ அழைத்துவிடுங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கையில் வலி என்றால் அரை மணிகூடக் காத்திருக்கக் கூடாது. சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தனியாக ஏற வேண்டாம்.

திடீர்னு இடி இடிச்சா?

மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது வினாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது. உச்சி, ஒற்றை மரம், வெட்டவெளிப் பாறை மூன்றையும் விட்டு இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி காத்திருந்துவிட்டுத்தான் மறுபடி நடை. நனைந்த பாறையில் இறங்குவது பற்றி மேலே சொன்னதெல்லாம் இரட்டிப்பாகப் பொருந்தும்.

கால் பிசகிருச்சு, சிக்னலும் இல்லை. என்ன செய்யறது?

ஷூவைக் கழற்றாதீர்கள், வீங்கியபின் மாட்ட முடியாது. ஷூவுக்கு மேலேயே கிரேப் பேண்டேஜை எட்டு வடிவில் சுற்றுங்கள். ஊன்றி நடக்க முடிந்தால் ஒரு குச்சியோடு மெல்ல இறங்குங்கள். முடியாவிட்டால் பாதையை விட்டு விலகாமல் நிழலில் இருந்துகொண்டு, நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. கத்துவதைவிட விசில் தூரம் போகும், தொண்டையும் வறளாது. இருக்கும் தண்ணீரைச் சேமிக்கிறேன் என்று குடிக்காமல் இருக்காதீர்கள். வீட்டில் கொடுத்த காகிதத்தின் கடைசி வரி வேலை செய்யத் தொடங்குவது இப்போதுதான்.

இறங்கியாச்சு. உடனே வண்டியை எடுக்கலாமா?

ஒரு மணி நேரம் பொறுங்கள். நாலு மணிக்கு எழுந்து, ஆறு மணி நேரம் நடந்து, சாப்பிட்டதும் மதிய வெயிலில் பைக் ஓட்டினால் சிங்கம்புணரி தாண்டுவதற்குள் கண் சொருகும். நிழலில் காலை நீட்டி உட்காருங்கள், மிச்சத் தண்ணீரைக் குடியுங்கள், ஷூவைக் கழற்றி விரல் இடுக்கையும் முழங்காலுக்குப் பின்புறத்தையும் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் அங்கேதான் இருக்கும். மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும், மாடிப்படி இறங்குவது சிரமமாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். ஒரு முழங்கால் மட்டும் வீங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், டீ சொல்வதற்கும் முன்னால், வீட்டுக்குப் போன் பண்ணுங்கள். பன்னிரண்டு மணியிலிருந்து அந்தக் காகிதத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அப்பத்தா முகப்பில் உட்கார்ந்திருக்கும்.